படிக்கத் தெரியாத போஸ்டர்

அலிப்பூரில் எங்கள் டிபன் கடைக்கு மேலே மூன்று அறைகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். அந்த வாரம் ஓர் அறையில் மட்டும் ஆள் இருந்தது. பங்களாதேஷிலிருந்து வந்த ஒரு டீச்சரும் அவர் கணவரும். வெளிநாட்டவருக்கான படிவமெல்லாம் முறையாக நிரப்பித்தான் சாவி கொடுத்தோம். கணவருக்கு இதய ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள். இன்னும் நான்கு நாளில் தையல் பிரிக்க வேண்டும். அதுவரை அலையவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காலையில் தெரு க்ளப்பிலிருந்து நான்கு பேர் வந்து கண்ணாடிக் கதவில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். ரத்ததான முகாமோ என்னவோ என்று நினைத்து, பசை பிடிக்கும்வரை நானே ஓரத்தை அழுத்திக்கொண்டு நின்றேன். டீயும் கொடுத்தேன். நாங்கள் தமிழ்க் குடும்பம்தான் என்றாலும், பிறந்ததிலிருந்து இந்த வங்காள ஊர்தான். ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டு ஜெயிக்கும் அளவுக்கு வங்காளம் பேசுவேன். படிக்க மட்டும் ஓர் எழுத்து தெரியாது. இந்தி எடுத்தால் மார்க் வரும் என்று அப்பா பள்ளியில் சேர்த்துவிட்டதன் பலன்.

இட்லி வாங்க இறங்கி வந்த டீச்சர் கதவருகே நின்றுவிட்டார்.

"என்ன போட்டிருக்கு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

வகுப்பில் வாசிப்பதுபோல நிறுத்தி வாசித்தார். "இங்கே பங்களாதேஷிகளுக்கு இடம் இல்லை." பிறகு, "ஒரு எழுத்துப் பிழை இருக்கு, திதி," என்றார். திதி என்றால் அக்கா. போஸ்டரை அழுத்திய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

வெளியுறவு என்றால் கோட்டு போட்டவர்கள் கைகுலுக்கும் போட்டோ என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது மேடையில் ஒருவர் கைதட்டு வாங்குகிறார்; அந்தக் கைதட்டு இரண்டே நாளில் கொள்கையாகிவிடுகிறது. விசா அலுவலகம் மூடுகிறது, ரயில் நிற்கிறது. அந்தப் பக்கத்து மேடையிலும் இதே கதைதான். அரசாங்கங்களைத் திட்ட எனக்கு வாய் கூசாது, அன்றும் ஆசை தீரத் திட்டினேன். பயம் மட்டும் போகவில்லை.

"இன்னிக்குப் போஸ்டர் ஒட்டினவன் நாளைக்குக் கல்லைத் தூக்குவான்," என்றார் என் கணவர். "நாமளே இங்க ஒண்டிக்கிட்டு இருக்கோம். அவங்கள அனுப்பிடு."

"உங்களுக்கு வெட்கமா இல்ல? தையல்கூடப் பிரிக்கல," என்று எரிந்து விழுந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு க்ளப்காரர்களில் இருவர் திரும்ப வந்தார்கள். ரொம்பத் தன்மையாக, சித்தி என்று முறை வைத்துக் கேட்டார்கள். "மாஷிமா, மாடியில யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லப்பா," என்றேன்.

அந்த நேரம் பார்த்து மேலே டீச்சரின் கணவர் இருமினார். நெஞ்சைத் தலையணையால் அழுத்திக்கொண்டு இருமுகிற இருமல். இருவரும் மேலே பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மாடிக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே டீச்சர் துணிகளை மடிக்க ஆரம்பித்திருந்தார். கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க," என்றேன். "எனக்குப் பயமா இருக்கு."

"உங்க மேல தப்பே இல்ல, திதி. எங்க வீட்டுக் கீழ்ப் போர்ஷன்ல ஒரு இந்துக் குடும்பம் இருந்தது. பதினோரு வருஷமா. அவங்கள காலி பண்ணச் சொல்லுன்னு எங்க தெருப் பசங்களும் வந்து நின்னாங்க. எனக்கும் இப்படித்தான் பயமா இருந்தது."

"நீங்க என்ன பண்ணீங்க?"

டீச்சர் மடித்து வைத்த லுங்கியை மறுபடியும் பிரித்து மடித்தார்.

நான் இறங்கிப் போய் டாக்சி கூப்பிட்டேன்.