பன்னிரண்டு பேருக்கு இருபது நாள்

ரியூசன் வகுப்புகளில் கணிதம் என்று நடப்பதை நான் கணிதம் என்று ஒப்புக்கொள்வதில்லை. அது மந்திரம் ஓதுவது. நகரத்து ரியூசன் கொட்டிலில் முந்நூறு பிள்ளைகளை நெருக்கி இருத்திவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் "குறுக்கால பெருக்கு, கீழால பிரி" என்று கத்துவார். பிள்ளைகளும் திருப்பிக் கத்தும். ஏன் பெருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் சோதனை முடிந்த பிறகு சொல்கிறாராம். மண்ணாங்கட்டி! இதற்கு வாசலில் ஆளுயரப் பதாகை வேறு, அந்த ரியூசன் சேருடைய படத்தோடு.

வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய ஐந்து பேருக்குப் பின்னேர வகுப்பு வைத்திருந்தேன். அதில் ஒருத்திக்குத் தாதியாக வேண்டும் என்று ஆசை. மற்றப் பாடமெல்லாம் நல்ல புள்ளியோடு சித்தி, கணிதம்தான் காலை வாரிவிட்டது. இந்த முறையும் தவறினால் உயர்தரம் படிக்க முடியாது. தாய் அதற்குள் தையல் தொழிற்சாலையில் மகளின் பெயரைக் கொடுத்து வைத்திருந்தாள்.

ஒருநாள் லேசான கணக்கு ஒன்று கொடுத்தேன். ஒரு வயலில் ஆறு பேர் பத்து நாளில் புல்லுப் பிடுங்கி முடிப்பார்கள். பன்னிரண்டு பேர் போனால் எத்தனை நாள்? அவள்தான் முதலில் கொப்பியை நீட்டினாள். விடை இருபது நாள். அழகான எழுத்து, அடியில் இரட்டைக் கோடு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவு நாளில் தாயோடு புல்லுப் பிடுங்கப் போகிற பிள்ளை அவள்.

"ஏன் புள்ள, உங்கட வட்டையில, வயலுக்குள்ள ஆள் கூடினா வேலை இழுபடுமா?"

"இல்ல சேர். ஆள் கூடப் போனா வெள்ளன முடிச்சிட்டு வரலாம்."

"அப்ப இதென்ன இருபது?"

என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அது வட்டை சேர். இது கணக்கு."

மற்ற நால்வரும் சிரிக்கவில்லை. அவர்களுடைய கொப்பியிலும் இருபதுதான் இருந்தது. நான் எழுதிக்கொண்டிருந்த சோக்கட்டியை மேசையில் எறிந்தேன். வயலில் மூளையோடு நிற்கிற பிள்ளை வகுப்புக்குள் வரும்போது அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிறதென்றால், பழக்கினவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டாமா?

"எந்த ரியூசன் சேர் இப்பிடிப் படிப்பிச்ச? ஆளைச் சொல்லு, நான் போய்க் கேக்கிறன்."

"நான் ரியூசனுக்குப் போறல்ல சேர்."

"பிறகு?"

அவள் தயங்கினாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"ஒன்பதாம் ஆண்டில நீங்கதானே சேர் எங்களுக்குக் கணக்கு. விகிதம் வந்தா யோசிச்சிக்கிட்டு நிக்காதீங்க, நேரம் போயிரும், குறுக்கால பெருக்குங்க எண்டு சொன்ன."

சொல்லியிருப்பேன். அந்த வருடம் பாடத்திட்டம் முடியவில்லை என்று பள்ளிக்கூட அதிபர் என் தலையில் ஏறி நின்றார். வெட்கமாக இருந்தது. கரும்பலகையை அழிக்கத் திரும்பினேன்.

நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்துவிட்டாள் போல. என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் பின்னாலிருந்து சொன்னாள்:

"போன முறை சோதனையிலயும் இப்பிடி ஒண்டு வந்த சேர். நீங்க சொன்ன மாதிரியேதான் எழுதின நான்."