உலக்கை போட்டுப் பார்த்த பிள்ளை

பிள்ளை பிறந்தால் மற்ற வீடுகளில் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: "சத்தத்துக்கு முழிக்குதா?" என் அப்பாவின் தாய்மாமன்களில் ஒருவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவருக்குப் பிறகு என் அண்ணன். ஊரில் அண்ணனை ஊமையன் என்றுதான் சொல்வார்கள். என் காதில் விழுந்தால் சொன்னவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். வாயாடி என்று எனக்குப் பெயர். இரண்டு பேருக்குச் சேர்த்து நான் ஒருத்தி பேச வேண்டியிருந்தால் வேறு என்ன பெயர் கிடைக்கும்?

எங்கள் ஊர் கெங்குவார்பட்டிக்குப் பக்கம். அப்பா கட்டியது அவருடைய மாமன் மகளை. என்னைக் கொடுத்தது அத்தை மகனுக்கு. பெண் எடுப்பதும் கொடுப்பதும் சொந்தத்துக்குள்ளேயேதான். மாந்தோப்பும் வயலும் வெளியே போய்விடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம். நான் தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தேன். கால் இரண்டும் வீங்கிப்போனதால் அண்ணன் வண்டி கட்டிப் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே இருந்த டாக்டரம்மா என்னைச் சோதித்து முடித்தார். நான் அண்ணனிடம் சைகையில் பேசுவதைப் பார்த்துவிட்டு, "இவருக்குப் பிறவியிலேயே இப்படியா? உன் வீட்டுக்காரர் சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"பிள்ளைக்கு எல்லாமே ரெண்டு பங்கா வருதும்மா. ஒண்ணு தகப்பன் கொடுக்கிறது, ஒண்ணு தாய் கொடுக்கிறது. அதுல ஒண்ணு பழுதா இருந்தாலும் இன்னொண்ணு சரியா இருந்தாக் காது கேட்கும். ஆனா அந்தப் பழுது உள்ளேயே ஒளிஞ்சிருக்கும். சொந்தத்துல கட்டும்போது, ரெண்டு பக்கத்துப் பழுதும் ஒரே பிள்ளைகிட்டச் சேர்ந்துடலாம். சேராமலும் போகலாம். நீ பயப்படாதே."

பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? இன்றைக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தில் பட்டாணிச் செடியைப் படம் போட்டு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்கள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். நான் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு படித்தேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தைதான் எனக்கு மாமியார். அவளுக்கு வந்ததே கோபம்!

"அந்தம்மா என்னத்தக் கண்டாக? எனக்குக் காது கேக்கலையா? ஒங்கப்பனுக்குக் கேக்கலையா? ஓம் புருசனுக்குத்தான் கேக்கலையா? கேக்குறவுகளுக்குப் பொறக்குற பிள்ளைக்கு எப்பிடிடீ கேக்காமப் போகும்? கூறுகெட்டவளே! ஒங்கண்ணனுக்கு அது சனி புடிச்ச நேரம். குச்சனூரு சனீஸ்வரனுக்கு எள்ளு விளக்குப் போடுறேன்னு வேண்டியிருக்கேன். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

பெண் குழந்தை பிறந்தது. தாய் வீட்டில்தான் பிரசவம். ரோஜாப்பூ மாதிரி இருந்தாள். எல்லோரும் அவளுடைய மூக்கைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் பேசினார்கள். காதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. தொட்டுத்தான் எழுப்புவேன். தெரிந்துகொள்ள அவ்வளவு பயம்.

எங்கள் குடும்பத்தில் மூன்றாம் மாதம் உலக்கை போட்டுப் பார்ப்பது வழக்கம். பிள்ளையைக் கூடத்தில் பாய் விரித்துப் போடுவார்கள். அப்பனைப் பெற்றவள் வந்து தலைமாட்டில் உலக்கையை இடிப்பாள். பிள்ளை பதறினால் காது இருக்கிறது என்று அர்த்தம். அத்தையும் என் வீட்டுக்காரரும் வந்து இறங்கினார்கள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தூணருகே தரையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

அத்தை சாமியைக் கும்பிட்டுவிட்டு உலக்கையைத் தூக்கினாள். நங்கென்று ஓங்கி இடித்தாள்.

குழந்தை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பதறி வீறிட்டது.

"எங்க ஆத்தா! கேட்டுருச்சுடீ!" என்று அத்தை அப்படியே உட்கார்ந்து அழுதாள். அம்மா குலவை போட்டாள். சீனி கிடைக்காத காலம்; என் வீட்டுக்காரர் கருப்பட்டியை உடைத்துத் தெருவெல்லாம் கொடுத்தார். அண்ணனுக்கு அம்மா கையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அத்தை உலக்கையை இடித்த அந்த நொடியில், தூணருகே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த என் அண்ணனும் திரும்பிப் பார்த்தான். எல்லோருடைய கண்ணும் பிள்ளைமேல் இருந்தது. நான் ஒருத்திதான் அதைப் பார்த்தேன்.

"ஏன்டீ, ஊரே சந்தோசமா இருக்கு, நீ மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார் என் வீட்டுக்காரர். ஒன்றுமில்லை என்றேன். அவருடைய சந்தோஷத்தில் மண்ணைப் போட எனக்கு நாக்கு எழவில்லை. வாயாடி என்று பெயர் எடுத்தவள் அன்றைக்கு வாயடைத்துப்போனேன்.

மறுநாளே நேர்த்திக்கடனைச் செலுத்த எல்லோரும் குச்சனூருக்குக் கிளம்பினார்கள். பிள்ளைக்குச் சளி என்று பொய் சொல்லி நான் நின்றுகொண்டேன்; துணைக்கு அண்ணனை விட்டுப்போனார்கள். வண்டி தெருவைத் தாண்டியதும் அண்ணனிடம் போனேன். உள்ளங்கையைத் தரையில் வைத்து, தரை அதிர்வதுபோல் ஆட்டிக் காட்டினேன். பிறகு அவனைக் காட்டி, பிள்ளையைக் காட்டி, காதைத் தொட்டேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போனது. இல்லவே இல்லை, அவளுக்குக் கேட்கிறது என்று கோபமாகத் தலையை ஆட்டினான். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், கிணற்றடித் துவைகல்லின் மேல் உட்கார்ந்தான். மடியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு, வா, பார்த்துவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டான்.

நான் வெண்கலத் தட்டையும் இரும்புக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளை என்னைப் பார்க்கக் கூடாது என்று அண்ணனுடைய முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவன் பிள்ளையின் முகத்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். தாயே, நான் நினைத்தது பொய்யாகப் போகட்டும், அத்தை என்னைக் காறித் துப்பட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அடித்தேன்.

பிள்ளை அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மறுபடியும் அடித்தேன். கூரையில் இருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. பக்கத்துக் கொல்லையிலிருந்து ஒருத்தி, "ஏ ஆத்தா, என்ன சத்தம் அங்கன?" என்று கத்தினாள். பிள்ளை காலை உதைத்துக்கொண்டு அண்ணனின் விரலைப் பிடித்து விளையாடியது. இமைகூட அசையவில்லை.

அண்ணன் பொறுமையிழந்து, பிள்ளையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமலேயே, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி ஆட்டினான். ஏன் சும்மா நிற்கிறாய், அடி, சீக்கிரம் அடி என்றான்.

நான் அடித்துக்கொண்டேதான் இருந்தேன்.