இரண்டு ஆம்பியர் பல்பு

பினாங்கில் சூலியா தெருவில் நான் பேட்டரி சார்ஜ் கடை வைத்திருந்த காலத்தில், ரேடியோ வாங்கியவர்களில் பாதிப் பேர் வீட்டில் மின்சாரம் கிடையாது. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். கம்பியில் வரும் மின்சாரத்தைப் பேட்டரி ஏற்கும்படி மாற்றிக் கொடுப்பது ஒரு பெரிய கண்ணாடி பல்பு. அது போனால் என் பிழைப்பும் போச்சு.

ஒரு வியாழக்கிழமை காலையில் அது போனது. அன்றைக்குப் பார்த்துத்தான் சுங்கை பினாங்கிலிருந்து என் சிநேகிதன் பேட்டரியோடு வந்து நின்றான். தகப்பன் பார்த்த பெண்ணை வேண்டாமென்று சொல்லி வீட்டைவிட்டுப் போன அவன் மகன், அன்று சாயங்காலம் ரேடியோவில் பாடப்போகிறான். மூன்று வருஷமாக வீட்டுப் பக்கம் வராத பிள்ளை. படுத்த படுக்கையாகக் கிடந்த தாய்க்கு அவன் குரலையாவது கேட்கவேண்டும்.

போன பல்பைப் போலவே ஆறு ஆம்பியர் பல்பு அடுத்த தெருவில் ஒரு சீனர் கடையில் இருந்தது. ஆனால் அந்தக் கடைக்காரர் நாலு பேர் முன்னால் எனக்குத் தொழில் தெரியாது என்று சொன்னதிலிருந்து, அங்கே கால் வைப்பதில்லை என்று தர்காவில் சத்தியம் செய்திருந்தேன்.

“நான் போய் வாங்கிட்டு வரட்டுமா அண்ணே?” என்றான் சிநேகிதன்.

“அவன் கடை சாமான் என் கடையில ஏறாது. வேற பல்பு கிடைக்கும் லா, நீ சும்மா இரு.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பழைய சாமான் கடையில் இரண்டு ஆம்பியர் பல்பு ஒன்று கிடைத்தது. மூன்றில் ஒரு பங்கு வேலைதான் செய்யும். ஹோல்டரை மாற்றி அதை மாட்டினேன். எரிந்தது. எனக்குப் பெருமை வேறு. சாயங்காலம் பேட்டரியின் அமிலத்தை அளந்து பார்த்திருந்தால் பாதிகூட ஏறவில்லை என்று காட்டியிருக்கும். காட்டும் என்று தெரிந்துதான் அளக்கவில்லை.

“புல்லா ஏறிடுச்சு,” என்று கொடுத்தனுப்பினேன்.

மகன் பெயரை அறிவித்தார்களாம். தாய் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாளாம். அதோடு ரேடியோப் பெட்டி அடங்கிவிட்டது. நாலாம் நாள் அவள் மௌத்தாகிவிட்டாள்.

சிநேகிதன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடக்கத்துக்கு மகன் வந்தான். “உம்மா என் பாட்டக் கேட்டாங்களா?” என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டான். தகப்பன் வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“முழுசா கேட்டாங்க தம்பி.”

அவன் என் தோளில் சாய்ந்து அழுதான். பிள்ளையின் மனதை ஆற்றத்தான் நான் பொய் சொன்னேன் என்று சிநேகிதன் இன்றும் நன்றியோடு சொல்கிறான். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.