நெல் மரக்காலில் ஒற்றைத் திரி

பேத்திக்கு வரன் கூடிவருகிற சமயம். பிள்ளை வீடு குடவாசல். சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பதால், போன தை மாதம் பொது இடமாகத் தஞ்சாவூர் ஓட்டல் ஒன்றில் சந்திப்பதாக ஏற்பாடு. பிள்ளையின் அம்மா இலையில் கை வைத்தால் சம்மதம் என்று தரகர் சொல்லியிருந்தார். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் இதைப் போனில் அடிக்கிறாள்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். மகன், பேத்தியோடு காரில் பதினொன்றரைக்குக் கிளம்பினோம், முக்கால் மணி நேரம் ஆனது. வாசலைப் பார்த்ததுமே இடம் தெரிந்துவிட்டது. பழைய அரிசி ஆலை. சின்ன வயதில் அப்பாவோடு நெல் வண்டியில் வந்திருக்கிறேன். நெல் அவித்த சிமெண்டுத் தொட்டிகளின் ஒரு பக்கச் சுவரை உடைத்து, உள்ளேயே மேசை போட்டிருக்கிறார்கள். சாக்குத் துணி தைத்த நாற்காலிகள், முறத்துக்குள் மின்விளக்குகள். எட்டிப் பார்த்த டிரைவர், "ஐயா, நம்மளயும் அவிச்சுடப் போறாங்க" என்றார்.

பிள்ளையின் அம்மா சுவரோரம் உட்கார்ந்தார். கணவர் தவறி இரண்டு வருடம். பரிமாறுகிறவர் நெல் அளக்கிற மரக்கால் ஒன்று நிறைய நெல்லைக் கொண்டுவந்து, அந்த அம்மாவின் தலைக்குப் பின்னால் சுவர் விளிம்பில் வைத்தார். அதன்மேல் ஒரு திரி போட்ட அகலை ஏற்றிவிட்டுப் போனார். அலங்காரமாம். எங்கள் பக்கம் அப்படி ஒற்றைத் திரி ஏற்றி வைப்பது பிணத்தின் தலைமாட்டில்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டார். வாழைக்காய் வறுவல், மாங்காய்ப் பச்சடி, சோறு, நெய் எல்லாம் வந்தாயிற்று. அவர் கை மடியை விட்டு எழவில்லை. என் மகன் என்னையே பார்த்தான். பேசினாலும் தப்பு, பேசாவிட்டாலும் தப்பு. எழுந்துபோய் அகலை அணைக்கக் கையை நீட்டினேன்.

"அணைக்காதீங்க. அவருக்கும் இப்படித்தான் வச்சிருந்தோம்" என்றார் அந்த அம்மா.

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அவரே பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, மரக்காலை எடுத்து மேசை நடுவில் வைக்கச் சொன்னார். இன்னொரு திரி கேட்டு வாங்கி, என் பேத்தியிடம் நீட்டினார்.

"எதிர்முகமா போட்டு நீ ஏத்தும்மா."

இரண்டு முகமும் எரிந்தது.

"உக்காருங்க சம்பந்தி, நெய் உறையுது" என்று சொல்லி, சோற்றில் கை வைத்தார்.

போகிறவர்களுக்கு: சாப்பாடு ஆளுக்கு அறுநூறு ரூபாய். ஞாயிறென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சோறு பிரமாதம், ரசம் சுமார். நல்ல காரியத்துக்குப் போனால் உட்காரும் முன்பே விளக்கை நடுவில் வைத்து இரண்டு திரி போடச் சொல்லுங்கள்.

கல்யாணம் ஆவணியில். தேதியைச் சொன்னேன், அடிக்கிறவள் போட மாட்டேன் என்கிறாள்.