நூரிக்குக் கை காட்டியவர்

என் அக்காள் சரளாவைக் கட்டிய சன்னாசி மச்சானுக்கு நூரி சத்தம் கேட்டால் போதும், இரண்டு கையும் தானாக மேலே போய்விடும். நூரி என்பது மலேசிய ஆகாயப் படையின் பழைய ஹெலிகாப்டர். பேராக் காட்டுக்குள் இருக்கும் பூர்வகுடிக் கிராமங்களுக்கும் ராணுவ முகாம்களுக்கும் அரிசி, மருந்து, ஆள் என்று எதையும் சுமந்துகொண்டு போகும். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் தகரக் கூரையெல்லாம் சேர்ந்து நடுங்கினால் அது நூரி என்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

மற்றவர்கள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்புவார்கள். இவர் அப்படியில்லை. லோரி ஓட்டிய காலத்தில் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, இறங்கி நின்று கை காட்டுவார். பிற்பாடு ஈப்போவில் ஒரு பேரங்காடியில் ஜாகாவாக, அதாவது காவலாளியாக, வேலை பார்த்தபோது, தடுப்புக் கட்டையைத் தூக்க வேண்டியவர் அதை விட்டுவிட்டுத் தன் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். பின்னால் கார்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. அந்த வரிசையில் என் காரும் இருந்தது. அவரைத் தெரியாதவன் மாதிரி நானும் ஒரு ஹாரன் அடித்தேன்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஆடுகள்தான் காரணம்.

பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர், கல்யாணமான புதிதில் லியாகத் அலி அண்ணன் மளிகைக் கடையில் லோரி ஓட்டப் போனார். காட்டுக்குப் போகும் சாமான்களை அந்தக் கடைதான் அப்போது கொடுத்துக்கொண்டிருந்தது. மூட்டைகளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் நூரியின் வாசலில் ஏற்றிவிடுவது மச்சானின் வேலை. ஒரு நாள் மூட்டைகளோடு இரண்டு கிடாக்களும் போயின. காட்டுக் கிராமத்தில் வளர்க்கக் கொடுத்தவை. விசிறி சுற்ற ஆரம்பித்ததும் கிடாக்கள் வெறி பிடித்ததுபோல் துள்ளின. மச்சான் பிடித்தால் மட்டும் அடங்கின. ஹெலிகாப்டரில் இருந்த சார்ஜன் பார்த்தார். "நீயும் ஏறு" என்று மலாய் மொழியில் கத்தினார்.

அப்படித்தான் சன்னாசி மச்சான் ஆகாயத்தில் பறந்தார். அந்த ஒரு தடவைதான்.

நூரி எங்கள் தோட்டத்தின் மேல் தாழ்வாகப் போனது. திறந்த வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்குக் கீழே எல்லாம் தெரிந்தது: லயம், பால் ஸ்டோர், மாரியம்மன் கோயில், தண்ணீர்க் குழாய். குழாயடியில் ஒரு பெண் ஈரத் துண்டை வீசி ஹெலிகாப்டருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். அவர் பெண்டாட்டிதான். உள்ளே இருப்பது தன் புருஷன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பதிலுக்குக் கை காட்ட இவருக்கு உயிர் துடித்தது. ஆனால் இந்தக் கையில் ஒரு கிடா, அந்தக் கையில் ஒரு கிடா. விட்டால் இரண்டும் வாசல் வழியாகக் குதித்துவிடும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்காள் அவரை ஒரு பிடி பிடித்துவிட்டாள்.

"நான் அம்புட்டு நேரம் கை காட்டுனேனே, நீங்க ஒரு கை காட்டக் கூடாதா?"

"கையில ஆடு இருந்துச்சு லா."

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் எதைச் செய்யத் தவறினாலும் "கையில ஆடா?" என்றுதான் கேட்போம். போன் எடுக்காவிட்டாலும் அதே கேள்வி. மச்சான் சிரித்துக்கொள்வார். ஆனால் விட்ட ஒரு கைகாட்டலை ஈடுகட்டுகிறவர்போல, அன்றிலிருந்து எந்த நூரியையும் அவர் சும்மா போகவிட்டதில்லை. ஒரு தடவை நான் கிண்டல் பண்ணியபோது சொன்னார்: "வாழ்க்கை முழுக்க ஊரான் மூட்டைய நான் தூக்குனேன். என்னையத் தூக்குனது அது ஒண்ணுதான் மச்சான்." 

தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டம் ஆனது. லயம் போயிற்று. கோயிலுக்கு மட்டும் வாய்க்கால் ஓரமாக ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அதில் புதுக்கோயில் எழும்பிக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார்கள். அந்த வாரம்தான் லியாகத் அலி அண்ணன் போன் பண்ணினார். மளிகைக் கடையை மூடி இப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஆகாயப் படைக்காரர்கள் அங்கே சாப்பிட வருவார்கள்.

"சன்னாசி, நூரிக்கு ஓய்வு கொடுக்கப் போறாங்களாம். ஞாயித்துக்கெழம காலையில ஒண்ணு இங்க வருது. ஈப்போவுக்கு அதான் கடைசி போல. வேலி ஓரம் நின்னா நல்லாத் தெரியும், வந்துரு லா."

ஞாயிற்றுக்கிழமை காலைதான் கும்பாபிஷேகம். மச்சான் கையில் ஏற்கெனவே காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினவர் கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. அது போதாதென்று, கருடன் பார்க்கும் வேலையும் அவருக்குத்தான். பேப்பர் படிக்கக் கண்ணாடி தேடுகிறவர், தூரத்தில் பறப்பதை மட்டும் துல்லியமாகப் பார்ப்பார். கோயில் விமானத்தைச் சுற்றிக் கட்டிய சாரத்தின் உச்சியில் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். கருடன் வட்டமிட்டதும் இரண்டு கையையும் தூக்க வேண்டும். கீழே பந்தலுக்குள் இருப்பவர்களுக்கு வானம் தெரியாது. அவர் கை தூக்கினால் கோயில் தலைவர் மைக்கில் சொல்வார், குருக்கள் கலசத்தில் தண்ணீர் ஊற்றுவார்.

தலைவர் இராமசாமி எதையும் மூன்று தடவை சொல்கிற மனிதர். இதையும் மூன்று தடவை சொன்னார்: "கருடன் வந்தா மட்டுந்தான் கையத் தூக்கணும். உங்க நூரி கீரி வந்துச்சுன்னு தூக்கிடாதீங்க சன்னாசி. கோயில் காரியம்."

மச்சான் சரி என்றார். அன்று ராத்திரி அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அக்காள் தட்டை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அது இந்தப் பக்கமா வந்தா, உங்களுக்கும் சேத்து நான் கை காட்டிக்கிறேன். நீங்க கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க, போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் அலைமோதியது. ஹுத்தான் மெலிந்தாங், காம்பார் என்று பல ஊர்களுக்குச் சிதறிப்போன தோட்டத்து ஜனம் அத்தனையும் வந்திருந்தது. புனித நீரைக் கூட்டத்தின் மேல் தெளிக்க, முதுகில் மாட்டுகிற மருந்தடிக்கும் பம்பு ஒன்றை என் முதுகில் ஏற்றியிருந்தார்கள். புதுப் பம்பு, புல்லுக்கு மருந்தடித்ததில்லை. இதை அன்று நான் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

குடங்கள் மேலே போயின. நல்ல நேரம் வந்தது. கருடன் வரவில்லை. குருக்கள் குடத்தைச் சாய்த்துப் பிடித்தபடி காத்திருந்தார். மச்சான் சாரத்தின் உச்சியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைவர் மைக்கில் "கருட பகவான் வருவார், வருவார், வருவார்" என்றார். நல்ல நேரம் நழுவிக்கொண்டிருந்தது.

அப்போது வடக்கே அந்தச் சத்தம் கேட்டது. என் முதுகில் பம்பே அதிர்ந்தது. நாதஸ்வரமும் மேளமும் தன் குரலும் தவிர வேறெதுவும் கேட்காத தலைவர் ஒருவருக்குத்தான் அது கேட்கவில்லை. நான் பந்தல் இடைவெளியில் மச்சானைப் பார்த்தேன். கட்டிய கை கட்டியபடி இருந்தது. முகம் மட்டும் வடக்கிலிருந்து மெல்லத் தெற்கே திரும்பியது. பாவம், தாங்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன். நூரி கோயிலைத் தாண்டிவிட்டது. அவ்வளவுதான், தப்பித்தோம் என்று நான் மூச்சு விடும்போது, அவருடைய இரண்டு கையும் மேலே போயின.

"கருடன்! கருடன்! கருடன்!" என்று தலைவர் அலறினார். மேளம் கொட்டியது, குருக்கள் ஊற்றினார், ஜனம் "ஓம் சக்தி" என்று கதறியது. நான் பம்பை அடித்தேன். கண்ணீர் எது, தண்ணீர் எது என்று தெரியாமல் எல்லோர் முகமும் நனைந்தது.

கூட்டம் சாப்பாட்டுக்கு உட்காரும்வரை நாலைந்து பேர் கருடனைக் கண்ணால் பார்த்ததாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நூரி போனதை யாரோ காதில் போட, தலைவர் வந்து கேட்டபோது, மச்சான் பொய் சொல்லவில்லை.

"கருடன் வரல தலைவரே. என் தப்புதான்."

"நூரிக்குக் கை காட்டிட்டீங்க! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கும்பாபிஷேகத்தையே கெடுத்துட்டீங்களே!"

மச்சான் சாம்பார் வாளி ஒன்று, ரசவாளி ஒன்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு பந்திக்கு நடந்தார். அவர் காது சிவந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பாதிப் பந்தியில் நடுத்திடலில் நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். செம்மண் நிறத்தில் ஒரு கருடன், சாவகாசமாக, கோபுரத்துக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்குக் கையைத் தூக்க வழியில்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன மச்சான், கையில ஆடா?"

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. பாதி இலையில் எழுந்து கும்பிட்டார்கள். குருக்கள் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, "வந்துட்டாரே, அப்புறம் என்ன?" என்றார். தலைவர் மைக்கைத் தேடி ஓடினார்.

சாயங்காலம் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்தபிறகு நானும் அவரும் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்தோம். அக்காள் தூரத்தில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். லியாகத் அலி அண்ணன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நூரி நின்றிருந்தது. மச்சான் அதைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"போகட்டும் மச்சான்," என்றேன். "கடைசியா ஒரு தடவ கை காட்டியாச்சுல்ல. தலைவர் திட்டுனா திட்டட்டும்."

"நான் அதுக்குக் கை காட்டல லா."

எனக்குப் புரியவில்லை.

"அது வந்துச்சு. தலைக்கு மேலயே போச்சு. ஆச தீரப் பாத்துக்கிட்டேன், கையத் தூக்கல. சொன்ன சொல்லு இருக்குல்ல? அது போனப்புறம் கீழ பாத்தேன். பந்தலுக்கு வெளிய நின்ன பொம்பளைங்க அத்தன பேரும் கலசத்தப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாங்க. ஒங்க அக்கா ஒருத்தி மட்டும் திடலுக்கு நடுவுல நின்னு முந்தானைய வீசிக்கிட்டு இருக்கா, அன்னிக்கு மாதிரியே."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அக்காள் இருந்த பக்கம் பார்த்தார்.

"நான் மேல இருக்கேன். கையில ஆடு இல்ல."