ஆண்டி கும்பிட்ட கல்

கீரப்பாளையத்து மங்கலத்துக்குப் பாட்டன் ஆண்டி வழியாக வந்தது ஒரு துண்டு நஞ்சை. ஊரெல்லாம் எல்லை யுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், அவள் வயலின் வரப்பு மட்டும் காலே இல்லாமல் நடந்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

“மழையில கரஞ்சிருக்கும் மங்கலம்” என்பார் பக்கத்து வயல்காரர் கண்ணாயிரம். அவருடைய வரப்பு மட்டும் எந்த மழைக்கும் கரையாது.

மங்கலம் ரயிலேறிக் கடலூர் கலெக்டர் கச்சேரிக்குப் போனாள். நாயாய் அலைந்து, வெள்ளைக்காரன் காலத்தில் பாட்டனின் நிலத்தைச் சர்க்கார் அளந்து வரைந்த படத்தின் நகலை வாங்கி வந்தாள். படத்தில் எல்லை முனையில் ஓர் அளவுக்கல் இருந்தது. வயலில் அதைக் காணோம்.

அவள் மனுப்போட்டு வரவழைத்த சர்வேயர் படத்தைப் பார்த்து அளவுச் சங்கிலி பிடித்தார். சங்கிலி வரப்பைத் தாண்டி, கண்ணாயிரத்தின் நாற்றுக்குள் புகுந்து, வேப்பமரத்தடி அம்மன் காலடியில் போய் நின்றது. கண்ணாயிரம் வெள்ளிதோறும் மஞ்சள் பூசிக் கும்பிடும் அம்மன்.

“சாமிய நோண்டப்படாது” என்றார் அவர்.

“நோண்ட வேணாம் மாமா. குளிப்பாட்டலாமில்ல?”

குடம் குடமாக ஊற்றினாள். ஒரு தலைமுறை மஞ்சளும் குங்குமமும் கரைந்து வாய்க்காலே சிவந்தது. அம்மனின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் அளவுக்கல்லில் சர்க்கார் கொத்தும் அம்புக்குறி தெரிந்தது.

கண்ணாயிரம் தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“யாரும் நவுத்தக்கூடாதுன்னுதான் எங்க தாத்தா இத சாமியாக்கியிருக்காரு மாமா” என்றாள் மங்கலம். “வரப்ப நவுத்துன நீங்களே இத நவுத்தல பாருங்க.”

சாயங்காலமே கண்ணாயிரம் மண்வெட்டியோடு வந்து, சர்வேயர் கட்டிய கயிற்றின் மேல் புது வரப்பைப் போட்டார்.