ஏழாவது உரல்

கூப்பர் ஆற்றங்கரை நெல்தோட்டத்தில் மிண்டாவை மிஞ்சி உலக்கை பிடிக்க ஆள் கிடையாது. நாளுக்கு ஏழு உரல் நெல். குத்தி முடித்தால் மிச்சப் பொழுது அடிமைக்குச் சொந்தம். முடிக்காவிட்டால் சாயங்காலம் முதுகில் சவுக்கு. துரைமார் இதைப் பெரிய தர்மமாகச் சொல்லிக்கொள்வார்கள். முழு அரிசி கப்பலேறும், நொய்தான் குத்தியவர்கள் வயிற்றுக்கு. மிண்டாவின் உலக்கையில் நொய் விழுவதே அபூர்வம்.

மகள் ஜூபாவுக்குப் பதினாலு வயது. அதுவரை அவள் அரை ஆள், பாதி வேலைதான். அந்தக் குளிர்காலத்தில் கங்காணி குவாகு அவளுக்கும் ஏழு உரல் கொடுத்துவிட்டான். அவனும் அடிமைதான், ஆனால் சவுக்கு அவன் கையில். பிள்ளை அடிபடக் கூடாதே என்று மிண்டா மத்தியானத்துக்குள் தன் பங்கை முடித்துவிட்டு, மகளுக்கு இரண்டு உரல் குத்திக் கொடுப்பாள். மிச்சப் பொழுதில் மிண்டா தனக்கென்று போட்டிருந்த கிழங்குப் பாத்தி களை மண்டிப் போனது. குவாகு கண்டும் காணாமல் இருந்தான்.

ஆறு வாரம் இப்படி ஓடியது. ஒருநாள் காலை, அவள் சொளகில் புடைத்துக்கொண்டிருந்தபோது குவாகு பக்கத்தில் வந்து குனிந்தான்.

"மிண்டாக்கா, சின்ன துரை தெற்கே ரொம்ப தூரத்துல, ஜார்ஜியாவுல புதுக் காடு வாங்கியிருக்காரு. பொழுது சாய பன்னெண்டு பேரைப் பொறுக்கிட்டுப் போவாரு. முழு ஆளுங்க மட்டும்."

"போகட்டும். என்னைப் பெரிய துரை விடமாட்டாரு."

"உன்னைச் சொல்லல. ஜூபா. ஆறு வாரமா ஏழு உரல் முடிக்கிறாளே."

"நான் குத்தினதுன்னு உனக்குத் தெரியாதா, பாவி?"

"அதைச் சொன்னா என் தோலை உரிப்பாங்க. இன்னிக்கு முடிக்காம விடச் சொல்லு. அரை ஆளுன்னு சொல்லிடறேன். அஞ்சு அடி விழும், அவ்வளவுதான்."

மிண்டா சொளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். மகளிடம் போவதற்குள் சின்ன துரையே சீக்கிரம் வந்துவிட்டான். களஞ்சியத் தூணில் சாய்ந்துகொண்டு அசையாமல் வேடிக்கை பார்த்தான். அவன் காதுபட என்ன சொல்ல முடியும்?

"மெதுவா குத்துடி. கை புண்ணாகும்."

"அடி வாங்கறதுக்கு இது தேவலை. போம்மா!"

மிண்டா தன் உரலுக்குத் திரும்பினாள். வேண்டுமென்றே இழுத்து இழுத்துக் குத்தினாள். அஞ்சு அடி பத்து நாளில் ஆறிவிடும், ஜார்ஜியா போனவர் திரும்பியதில்லை. பெற்ற பிள்ளைக்கு அடி விழ வேண்டுமே என்று ஏங்குகிற நிலைமை வந்ததே என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஜூபா அடிக்கடி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா வரவில்லை. அம்மாவுக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஓங்கிக் குத்தினாள். ஐந்தாவது உரல் முடிந்தது. ஆறாவதும் முடிந்தது.

வெயில் தாழும்போது அவள் சொளகைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். உள்ளங்கையெல்லாம் ரத்தம்.

"அம்மா, ஏழும் நானே! நீ கையே வைக்கல! பாரு, நொய்யே இல்ல!"

சின்ன துரை தலையை ஆட்டிவிட்டுக் குவாகுவைப் பார்த்தான். குவாகு தரையைப் பார்த்தான்.

"முழு ஆள், துரை."

மறுநாள் ஜூபாவையும் ஏற்றிக்கொண்டு படகு போனது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் மிண்டா அங்கே நெல் குத்தினாள். ஒருநாள்கூட இருட்டுவதற்கு முன்னால் அவள் ஏழாவது உரலை முடித்ததில்லை.